பதினாலு மாசமும் ஒரு வார இறுதியும்

2048-னு ஒரு எண் விளையாட்டு. நாலுக்கு நாலு கட்டம். விரலால ஒரு பக்கம் இழுத்தா எண்கள் எல்லாம் அந்தப் பக்கமா ஓடும். ஒரே எண் ரெண்டு மோதினா சேர்ந்து இரட்டிப்பாகும். 2014-ல மின்சார ரயில், பேங்க் க்யூ, பல் டாக்டர் வெயிட்டிங் ரூம்னு எங்க பார்த்தாலும் யாராவது ஒருத்தர் செல்போனைக் குனிஞ்சு பார்த்து இதைத் தேய்ச்சிக்கிட்டு இருப்பாங்க. நானும் தேய்ச்சிருக்கேன். இதைப் படிக்கிற உங்கள்லயும் விளையாடாதவங்க கம்மியாத்தான் இருப்பீங்க.

ஆனா 'திரீஸ்'னு ஒண்ணு தெரியுமான்னு கேட்டா பெரும்பாலானவங்க உதட்டைப் பிதுக்குவாங்க. தெரிஞ்சவங்கள்ல சிலர், "அட, அது 2048 மாதிரியே இருக்கும், அதோட காப்பிதானே?" அப்படிம்பாங்க. உண்மை நேர் எதிர். திரீஸ் வந்த பிறகுதான், அதைப் பார்த்துத்தான், 2048 வரைக்குமான சங்கிலி ஆரம்பிச்சுது. பெத்தவனைப் பார்த்து "நீ உன் பையன் சாயல்ல இருக்கியே"ன்னு சொல்ற கதை.

ஓய்வு நேரத்துல சின்னச் சின்ன புதிர் விளையாட்டு எழுதிப் பார்க்கிற ஆள் நான். சம்பளம் தர்ற வேலைக்கும் இதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதனால இந்த வரலாறு எனக்கு வெறும் வரலாறு இல்லை. ஏன்னு பின்னாடி சொல்றேன். முதல்ல கதை.

மூணு பேர், பதினாலு மாசம்

திரீஸை உருவாக்கினவங்க மூணு பேர். விளையாட்டை வடிவமைச்சவர் ஆஷர் வோல்மர். படம் வரைஞ்சவர் கிரெக் வோல்வெண்ட். இசை ஜிம்மி ஹின்சன். அமெரிக்காக்காரங்க. பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. இதே மூணு பேர் 2012-ல 'பஸில்ஜூஸ்'னு டெட்ரிஸையும் சொல் விளையாட்டையும் ஒண்ணாப் பிசைஞ்ச ஒரு விளையாட்டை வெளியிட்டிருந்தாங்க. அடுத்தது திரீஸ். 2014 பிப்ரவரி 6-ம் தேதி ஐபோன்ல வந்தது. விலை ரெண்டு டாலருக்கு ஒரு சென்ட் குறைவு.

விதி என்னன்னா: நாலுக்கு நாலு கட்டம். 1-ம் 2-ம் சேர்ந்தா 3. அதுக்கு மேல, ஒரே எண்கள்தான் ஒண்ணோட ஒண்ணு சேரும். 3-ம் 3-ம் சேர்ந்து 6, ரெண்டு 6 சேர்ந்து 12, இப்படி. ஒரு தடவை இழுத்தா நகரக்கூடிய அட்டைகள் எல்லாம் ஒரே ஒரு கட்டம் மட்டும் நகரும். புதுசா ஒரு அட்டை ஓரத்துலேர்ந்து உள்ளே வரும். அடுத்து வரப்போறது எதுன்னு மேலே ஒரு சின்ன குறிப்பு தெரியும். நகர இடமில்லைன்னா ஆட்டம் முடிஞ்சுது.

அவ்வளவுதான். ஒரு தபால் கார்டுல எழுதிடலாம்.

இந்தத் தபால் கார்டு அளவு விதிக்கு அவங்களுக்குப் பதினாலு மாசம் ஆச்சு! அவ்வளவு நாள் என்ன பண்ணாங்கன்னு கேட்கலாம். மையக் கரு ஆரம்பத்திலேயே கிடைச்சிடுச்சு. அதுக்கு அப்புறம், 'வெறும் எண்ணா இருந்தா யாருக்குப் பிடிக்கும்?'னு பயம் வந்துடுச்சு. எண்ணுக்குப் பதிலா சுஷி போட்டுப் பார்த்தாங்க, வேற வேற வேஷம் கட்டிப் பார்த்தாங்க. புது விதிகள் சேர்த்தாங்க. சேர்த்ததை எல்லாம் ஒவ்வொண்ணாக் கழிச்சாங்க. கடைசியில சுத்தி வந்து திரும்ப எண்ணுலயே நின்னாங்க. ஆனா வெறும் எண் இல்லை. ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு சின்ன முகம், ஒரு குரல், ஒரு குணம்.

சின்ன விளையாட்டு எழுதிப் பார்த்தவங்களுக்கு இது புரியும். ஒரு விதியைச் சேர்க்க ஒரு மணி நேரம் போதும். அது வேண்டாம்னு தெரிஞ்சுக்க ஒரு மாசம் ஆகும். அந்த மாசம் வெளியிட்ட பொருள்ல எங்கேயும் தெரியாது. வீட்டைப் பெருக்கினவங்களோட உழைப்பு மாதிரி. குப்பை இல்லைங்கிறதை யார் கவனிக்கிறாங்க?

பிறகு நடந்தது

திரீஸ் வெளிவந்து ஒரு மாசம்கூட ஆகலை. சீனாவுல இருக்கிற வீவோ ஸ்டூடியோங்கிற நிறுவனம் '1024'னு ஒரு விளையாட்டை இலவசமா வெளியிட்டுது. அதே நாலுக்கு நாலு கட்டம், அதே இழுப்பு. 1-ம் 2-ம் சேர்ற குழப்பம் கிடையாது. எல்லாமே ஒரே எண் ஒரே எண்ணோட சேர்றதுதான்.

மார்ச்ல இத்தாலியைச் சேர்ந்த கேப்ரியேல் சிருல்லி வந்தார். வயசு 19. ஒரு வார இறுதியில உட்கார்ந்து, பொழுதுபோக்கா, ஜாவாஸ்கிரிப்ட்ல 2048-ஐ எழுதினார். இது 1024-ஐ அடிப்படையா வெச்சதுன்னும் கருத்தளவுல திரீஸை ஒத்ததுன்னும் அவரே தளத்துல எழுதி வெச்சார். எதையும் மறைக்கலை. காசு கேட்கலை. நிரலைத் திறந்த மூலமா எல்லாருக்கும் கொடுத்துட்டார். ஒரு வாரத்துக்குள்ள 40 லட்சம் பேருக்கு மேல அந்தத் தளத்துக்கு வந்தாங்க. நிரல் திறந்து கிடந்ததால 2048-லேர்ந்து நூத்துக்கணக்குல குட்டிகள் முளைச்சுது. எண்ணுக்குப் பதிலா நாய் படம், நடிகர் படம், தனிம அட்டவணை... கணக்கே இல்லை.

இங்க கொஞ்சம் நின்னு ரெண்டு விளையாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கணும். மேலோட்டமாப் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். உள்ளே போனா சங்கதி வேற.

2048-ல எண்கள் சுவர் வரைக்கும் வழுக்கிக்கிட்டே போகும். திரீஸ்ல ஒரே கட்டம். இந்த ஒரு மாற்றத்துல ஆட்டத்தோட குணமே மாறிடுது. வழுக்கும்போது கட்டம் தானாவே ஒழுங்காகும். பெரிய எண்ணை மூலையில ஒதுக்கி வெச்சுட்டு ரெண்டு திசையில மட்டும் மாத்தி மாத்தித் தேய்ச்சாலே ரொம்ப தூரம் போயிடலாம். திரீஸ்ல ஒரு கட்டம் ஒரு கட்டமா நகர்றதால ஒவ்வொரு இழுப்புக்கும் யோசிக்கணும்.

அடுத்தது அந்த 1-ம் 2-ம். 1-ஓட 1 சேராது, 2-ஓட 2 சேராது. நீல அட்டைக்குச் சிவப்பு அட்டை வேணும். நாலு 1 குவிஞ்சு கிடக்கும், 2 வராது. இந்தச் சின்ன முரண்டுதான் திரீஸை கடைசி வரைக்கும் இறுக்கமா வெச்சிருக்கு. மதிப்பெண்ணும் அப்படித்தான். 3-க்கு 3 மதிப்பெண், 6-க்கு 9, 12-க்கு 27. ஒவ்வொரு படிக்கும் மூணு மடங்கு. உயர உயர ஆசை காட்டும் ஏற்பாடு. திரீஸை ஒருத்தர் முழுசா முடிச்சுக் காட்டினது 2017-ல. வெளிவந்து மூணு வருஷம் கழிச்சு! 2048-ஐ முடிக்க நம்மள்ல பல பேருக்கு ஒரு வாரம் தேவைப்பட்டிருக்காது.

அதாவது 1024-ம் 2048-ம் கழிச்சுத் தள்ளினது, திரீஸ்காரங்க யோசிச்சு யோசிச்சு விட்டு வெச்ச விஷயங்களை. அதனாலதான் அது சுலபமாச்சு. சுலபமானதாலதான் பரவிச்சு. அதுல இலவசம் வேற!

2014 மார்ச் கடைசியில வோல்மரும் வோல்வெண்டும் ஒரு நீண்ட கடிதம் வெளியிட்டாங்க. கூடவே, அந்தப் பதினாலு மாசமும் தங்களுக்குள்ள எழுதிக்கிட்ட மின்னஞ்சல்களையும் போட்டாங்க. ஒரு புத்தகம் அளவுக்கு இருக்கும். 'இந்தப் பாதையில போனோம், முட்டிக்கிட்டோம், திரும்பினோம்'னு ஒவ்வொரு அடியும் அதுல இருக்கு. நகல் எடுக்கிறது வழக்கம்தான்னு அவங்களுக்கும் தெரியும். வலிச்சது வேற இடத்துல. தங்களோட விளையாட்டையே 2048-ஓட நகல்னு ஜனங்க சொல்ல ஆரம்பிச்சதுலதான்.

நியாயமாச் சொன்னா, அங்கீகாரம் அவங்களுக்குக் கிடைக்காமல் போகலை. 2014-ல ஆப்பிளோட வடிவமைப்பு விருது திரீஸுக்கு வந்தது. அந்த வருஷத்தோட சிறந்த ஐபோன் விளையாட்டுன்னும் ஆப்பிள் தேர்ந்தெடுத்துது. ஆனா தெருவுல பேர் நின்னது 2048-க்குத்தான். திரீஸ்காரங்களும் பிற்பாடு விளம்பரத்தோட ஓர் இலவசப் பதிப்பை வெளியிட்டாங்க.

சட்டம் என்ன சொல்லுது?

"கேஸ் போட்டிருக்கலாமே?"ன்னு தோணும். அமெரிக்கச் சட்டப்படி விளையாட்டோட விதிக்குப் பதிப்புரிமை கிடையாது. படம், இசை, நிரல், எழுத்து இதுக்கெல்லாம் உண்டு. 'ஒரே எண் ரெண்டு சேர்ந்தா இரட்டிப்பாகும்'ங்கிற யோசனைக்குக் கிடையாது.

2012-ல இதைப் பத்தி ஒரு முக்கியமான தீர்ப்பு வந்தது. ஸியோ இண்டராக்டிவ்னு ஒரு நிறுவனம் ஐபோன்ல 'மினோ'ன்னு ஒரு விளையாட்டை விட்டுது. அச்சு அசல் டெட்ரிஸ். "ஆமா, பார்த்துத்தான் செஞ்சோம், விதிக்குத்தான் பதிப்புரிமை இல்லையே"ங்கிறதுதான் அவங்க வாதம். நீதிமன்றம், விதியை எடுத்துக்கலாம், ஆனா காய்களோட தோற்றம், கட்டத்தோட அளவு வரைக்கும் அப்படியே எடுத்தது தப்புன்னு டெட்ரிஸ் பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. அதே 2012-ல 'டிரிப்பிள் டவுன்' செஞ்ச ஸ்பிரை ஃபாக்ஸ், 'யெட்டி டவுன்'ங்கிற நகல் மேல வழக்கு போட்டுது. அது சமரசத்துல முடிஞ்சு, நகலோட உரிமையே ஸ்பிரை ஃபாக்ஸுக்கு வந்து சேர்ந்தது.

இந்த ரெண்டு வழக்கையும் வெச்சுப் பார்த்தா, தோல் வேற மாதிரி இருந்தா சட்டம் சும்மா இருக்கும். 2048 பார்க்க திரீஸ் மாதிரி இல்லவே இல்லை. முகம் கிடையாது, குரல் கிடையாது, வண்ணமும் வேற.

"அப்போ சட்டத்தை மாத்தணும், விதிக்கும் பூட்டு போடணும்"னு முதல்ல எனக்கும் கோபம் வந்தது. ஆனா புதிர் விளையாட்டோட வரலாற்றைக் கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்த்தா அந்தக் கோபம் அப்படியே நிக்காது.

பெட்டி தள்ளினவங்க

ஜப்பான்ல ஹியோகோ மாநிலத்துல தக்கராசுக்கான்னு ஒரு ஊர். அங்க ஹிரோயுகி இமாபயாஷிங்கிறவர் 1981-ல பொழுதுபோக்கா ஒரு விளையாட்டு எழுதினார். அடுத்த வருஷம் தன்னோட 'திங்கிங் ராபிட்' நிறுவனம் மூலமா விற்பனைக்கு விட்டார். பேர் 'சொகோபன்'. ஜப்பானிய மொழியில கிடங்குக் காவலாளின்னு அர்த்தம். ஒரு ஆள் கிடங்குல பெட்டிகளைத் தள்ளி, குறிச்ச இடத்துல சேர்க்கணும். தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு நேரத்துல ஒரு பெட்டிதான். பெட்டி மூலையில போய்ச் சிக்கிடுச்சா, கதை முடிஞ்சுது.

இதுவும் தபால் கார்டு சமாச்சாரம்தான். ஆனா இதோட கஷ்டம் சாதாரணமானது இல்லை. ஏராளமான நேரம் இருந்தாத்தான் பொதுவாத் தீர்க்க முடியும்னு கருதப்படுற ஒரு வகைக் கணக்குகள் இருக்கு. சொகோபனும் அந்த வகையிலேயே கடினமானதுன்னு கனடாவுல ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் கல்பர்சன் 1997-ல நிரூபிச்சார். ஒருத்தர் பொழுதுபோக்கா எழுதினதுக்குள்ள இவ்வளவு ஆழம்!

சொகோபனை எத்தனை பேர் எடுத்து எழுதினாங்கன்னு எண்ண முடியாது. நிரல் கத்துக்கிறவங்களுக்கு அது ஒரு பயிற்சி மாதிரியே ஆயிடுச்சு. நான் முதன்முதலா எழுதி முடிச்ச விளையாட்டும் பெட்டி தள்றதுதான். பெரும்பாலான நகல்கள் நகலாவே இருந்து மறைஞ்சுது. ஆனா எல்லாமே அப்படி இல்லை.

ஸ்டீபன் லாவெல்னு ஒரு தனி ஆள். 2013-ல 'பஸில்ஸ்கிரிப்ட்'னு ஒரு கருவியை இலவசமாக் கொடுத்தார். பெட்டி தள்ற மாதிரியான விதிகளை நாலு வரியில எழுதினா உலாவியிலேயே விளையாட்டா ஓடும். 'தள்றதுங்கிறது ஒரு விளையாட்டு இல்லை, ஒரு மொழி'ன்னு அவர் புரிஞ்சுக்கிட்டார்னு நான் எடுத்துக்கிறேன். 2016-ல அவரே ஒரு விளையாட்டு வெளியிட்டார். அதுல பெட்டிக்குப் பதிலா தொத்திறைச்சி. அடுப்பு மேல உருட்டி ரெண்டு பக்கமும் வாட்டணும், கருகக் கூடாது. உருள்ற பொருளைத் தள்ளினா என்ன ஆகும்ங்கிற ஒத்தைக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் போயிருக்கார். விலை 30 டாலர். சொன்ன விலையைக் கொடுத்து வாங்கிப் புகழ்ந்தவங்க இருந்தாங்க.

அடுத்தது பின்லாந்தோட ஆர்வி தெய்காரி. 2017-ல நார்டிக் கேம் ஜாம்ங்கிற போட்டியில, ரெண்டே நாள்ல, 'பாபா இஸ் யூ'ன்னு ஒரு விளையாட்டோட முதல் வடிவத்தை எழுதிப் பரிசு வாங்கினார். அதுலயும் தள்றதுதான். ஆனா தள்றது பெட்டியை இல்லை, சொல்லை! 'சுவர்', 'என்பது', 'தடை'ன்னு மூணு சொல் வரிசையா நின்னா சுவர் தடுக்கும். அதுல ஒரு சொல்லை நகர்த்திட்டா சுவருக்குள்ளேயே நடந்து போகலாம். விதியையே பெட்டியாக்கித் தள்ள விட்டுட்டார். அப்புறம் ரெண்டு வருஷம் அதையே உழுது, 200-க்கும் மேற்பட்ட புதிர்களோட 2019-ல வெளியிட்டார்.

கவனிச்சீங்களா? இதுவும் ஒரு வார இறுதியில பிறந்ததுதான். ஆக, ஒரு வார இறுதியில எழுதினதாலயே ஒரு விளையாட்டு மட்டமாயிடாது. அடுத்தவரோட விதியை எடுத்ததும் குத்தம் இல்லை. 1982-ல இமாபயாஷி 'தள்றது என்னோடது'ன்னு பூட்டு போட முடிஞ்சிருந்தா, பாபா பிறந்திருக்காது.

அப்போ வித்தியாசம் எங்க இருக்கு? என் கணக்கு இது. தெய்காரி சொகோபன்லேர்ந்து ஒரு கேள்வியை எடுத்துக்கிட்டார், புதுசா ஒரு கேள்வியைத் திருப்பி வெச்சார். 1024 எடுத்தது கேள்வியை இல்லை, பதிலை. பதினாலு மாசம் தேடிக் கண்டுபிடிச்ச பதிலை. அதுல கடினமா இருந்த பாதியைச் சீவிட்டு, திரும்ப எதையும் வைக்கலை. சிருல்லி நடுவுல நிக்கிறார். அவரும் புதுக் கேள்வி எதுவும் வைக்கலை. ஆனா யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு சொன்னார், நிரலைத் திறந்து வெச்சார். அந்தப் பையன் மேல எனக்குக் கோபம் இல்லை. படிக்காமத் தாண்டிப் போன அந்த 40 லட்சம் பேர்ல நானும் ஒருத்தன்தானே :-)

பரிசாக் கொடுத்த விளையாட்டு

இன்னொரு கதையும் சொல்லணும். வேர்டில். ஜோஷ் வார்டில்னு ஒரு நிரலாளர், நியூயார்க்ல இருந்தவர், தன்னோட துணைவி பலக் ஷாவுக்குச் சொல் விளையாட்டு பிடிக்கும்னு அவங்களுக்காகச் செஞ்சது. அஞ்செழுத்து ஆங்கிலச் சொல், ஆறு வாய்ப்பு, ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு. சரியான எழுத்து சரியான இடத்துல இருந்தா பச்சை. எழுத்து உண்டு, இடம் தப்புன்னா மஞ்சள். ஆங்கிலத்துல அஞ்செழுத்துச் சொல் சுமார் 12,000 இருக்கு. பாதி யாருக்கும் தெரியாத சொல். பலக் ஷாதான் உட்கார்ந்து அதைச் சுமார் 2,500-ஆக் குறைச்சாங்க. மறுபடியும் பாருங்க, கழிக்கிற வேலை!

2021 அக்டோபர்ல பொதுவில விட்டாங்க. நவம்பர் 1-ம் தேதி விளையாடினவங்க 90 பேர். ஜனவரி 2-ம் தேதி மூணு லட்சம் பேர். விளம்பரம் இல்லை, காசு இல்லை. உடனே அதே பேர்லயே, காசு வாங்குற நகல்கள் ஆப்பிள் கடையில முளைச்சுது. ஜனங்க சத்தம் போட்டதும் ஆப்பிள் தூக்கினாங்க. ஜனவரி 31-ம் தேதி நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை பத்து லட்சம் டாலருக்கு மேல கொடுத்து வேர்டிலை வாங்கிடுச்சு.

வேர்டிலும் ஆகாயத்துலேர்ந்து குதிக்கலை. 1955-ல 'ஜாட்டோ'ன்னு பேனா, காகிதம் வெச்சு ஆடுற சொல் விளையாட்டு வந்தது. 1970-ல மொர்தெகாய் மைரோவிட்ஸ் வண்ணக் குச்சிகளை வெச்சு 'மாஸ்டர்மைண்ட்' உருவாக்கினார். அதுக்கு அப்புறம் 'லிங்கோ'ன்னு டிவி நிகழ்ச்சி. எல்லாத்துலயும் அதே யூகம், அதே குறிப்பு. வார்டில் சேர்த்தது, ஒரு நாளைக்கு ஒண்ணு, உலகம் முழுக்க எல்லாருக்கும் அதே சொல்ங்கிறது. அதுதான் அவரோட புதுக் கேள்வி.

2024 மார்ச்ல நியூயார்க் டைம்ஸ், வேர்டிலைப் பார்த்து எழுதின திறந்த மூல நிரல்களை நீக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பிச்சு. அந்த நிரலை அடிப்படையா வெச்சு வேற வேற மொழிகள்ல எழுதினவங்களும் அதுல மாட்டினாங்க. முப்பாட்டன்கிட்டேர்ந்து வந்த சொத்து, நடுவுல ஒருத்தர் ஊருக்கே பரிசாக் கொடுத்தது, விலைக்கு வாங்கினவர் வேலி போடறார். சட்டப்படி அவங்க பக்கம் எவ்வளவு நியாயம்னு வக்கீல்கள் பேசட்டும். படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரலை. காரணம் இருக்கு.

நான் எடுத்ததும் என்கிட்டேர்ந்து எடுத்ததும்

நானும் தமிழ்ல ஒரு சொல் புதிர் செஞ்சு வெச்சிருக்கேன். இதைத் தமிழ்ல செய்யப் போறவங்க எல்லாரும் ஒரே சுவத்துல முட்டுவாங்க. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. நமக்கு 247. யூகிச்ச எழுத்து அப்படியே பொருந்துற வாய்ப்பு ரொம்பக் கம்மி. வெறும் பச்சை, மஞ்சளை அப்படியே கொண்டு வந்தா, விளையாடறவருக்குத் திரை முழுக்கச் சாம்பல் நிறம்தான் மிச்சம்.

ஒரு உதாரணம். விடை 'விளக்கு'. நீங்க போட்டது 'வழக்கு'. கடைசி ரெண்டு எழுத்து பச்சை. முதல் ரெண்டும் தப்பு. ஆனா அது எந்த மாதிரித் தப்பு? முதல் எழுத்துல மெய் சரி, உயிர் தப்பு. ரெண்டாவதுல உயிர் சரி, மெய் தப்பு. ஆங்கிலத்துல இப்படி ஒரு 'பாதி சரி' கிடையாது. நம்ம எழுத்துல மட்டும் பிறக்கிற குறிப்பு இது. மெய்க்கு ஒரு அடையாளம், உயிருக்கு ஒரு அடையாளம்னு ரெண்டையும் காட்டினேன். ரெண்டாவது யூகத்துலயே எல்லாரும் விடையைச் சொல்லிட்டாங்க! புதிர் செத்துப் போச்சு. உயிர்க் குறிப்பை எடுத்துட்டு மெய்யை மட்டும் வெச்சேன். அப்போதான் சரியான இறுக்கம் வந்தது. இதைக் கண்டுபிடிக்க வீட்டுல இருக்கிற எல்லாரையும் ரெண்டு மாசம் படுத்தி எடுத்தேன்.

சொல் பட்டியலும் கையாலேயே சேர்த்தது. அதுல எங்க கொங்குப் பக்கத்துச் சொல் ரெண்டை ஆசைக்குப் போட்டு வெச்சேன். சாப்பிடுற தட்டுக்கு எங்க அம்மா 'வட்டல்'னுதான் சொல்வாங்க. பரணுக்கு 'அட்டாலி'. கொஞ்ச நாள் கழிச்சு, பேர் சொல்ல விரும்பாத ஒரு தளத்துல ஒரு தமிழ்ச் சொல் புதிர் வந்தது. சுத்தி விளம்பரம். மெய்க்கு மட்டும் அடையாளம் காட்டுற அதே முறை. சரி, இன்னொருத்தருக்கும் தோணியிருக்கலாம்னு விட்டுட்டேன். ஒரு நாள் விடையா 'அட்டாலி' வந்து நின்னுது. அடுத்த வாரம் 'வட்டல்'.

முறையை எடுத்தது எனக்கு வலிக்கலை. நானே வார்டில்கிட்டேர்ந்து எடுத்தவன், அவருக்கு முன்னாடியே ஜாட்டோ இருந்தது. எங்க அம்மாவோட வட்டலை, எங்கேர்ந்து வந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லாம, விளம்பரத்துக்கு நடுவுல வெச்சதுதான் உறுத்திச்சு. திரீஸ்காரங்க எதுக்கு அத்தனை மின்னஞ்சலையும் பொதுவில கொட்டினாங்கன்னு அன்னைக்குத்தான் முழுசாப் புரிஞ்சுது. காசு போச்சுன்னு இல்லை. 'இது எங்கேயிருந்தோ தானா முளைச்சது இல்லை, நாங்க இங்க இருந்தோம்'னு சொல்றதுக்கு.

வழக்கு, பூட்டு எதுவும் எனக்கு வேண்டாம். என் புதிரோட நிரலைத் திறந்துதான் வெச்சிருக்கேன். முதல் பக்கத்துல, 'இது ஜோஷ் வார்டிலின் வேர்டிலைப் பார்த்துச் செய்தது. அதற்கு முன்னால் ஜாட்டோ, மாஸ்டர்மைண்ட்'னு எழுதியிருக்கேன். எடுத்துக்கிறவங்ககிட்ட நான் கேட்கிறது ரெண்டுதான். யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு ஒரு வரி எழுதுங்க. முடிஞ்சா, உங்க பங்குக்கு ஒரு கேள்வியைச் சேருங்க. சந்தியில என்ன பண்றது, ர-வையும் ற-வையும் தனியாக் காட்டணுமா, வட்டார வழக்குக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்... என்னால தீர்க்க முடியாத கேள்வி அங்க நிறையக் கிடக்கு.

அப்புறம், எங்கயாவது திரீஸ் கிடைச்சா ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க. 2048 பழக்கத்துல விறுவிறுன்னு தேய்க்காதீங்க. ஒரு இழுப்புக்கு ஒரு கட்டம்தான். நீல 1 நாலு சேர்ந்து, சிவப்பு 2 வராதான்னு தவிக்கும்போது, அந்தத் தவிப்பை உங்களுக்காக யாரோ பதினாலு மாசம் அளந்து வெச்சிருக்காங்கன்னு நினைச்சுக்கோங்க.